பார்க்காமல் கூட்டிய கணக்கு

1956-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் அலபாமா மாநில அரசு ஒரு சங்கத்தின் மீது வழக்குப் போட்டது. வெளிமாநிலத்தில் பதிவான அமைப்பு இங்கே முறைப்படி பதிவு செய்யாமல் இயங்குகிறது என்பது புகார். விசாரணைக்குத் தேவை என்று சொல்லி ஏகப்பட்ட ஆவணங்களைக் கேட்டது. அவற்றுக்கு நடுவே ஒரு வரி: மாநிலத்திலுள்ள உறுப்பினர்கள் எல்லோருடைய பெயரும் முகவரியும்.

கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909-இல் தொடங்கப்பட்ட என்.ஏ.ஏ.சி.பி.தான் அந்தச் சங்கம். மான்ட்கமரி நகரத்துக் கறுப்பின மக்கள் நகரப் பேருந்துகளில் ஏறுவதில்லை என்று முடிவு செய்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. யார் யார் இந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத் துடித்தவர்கள் அரசாங்கத்துக்கு உள்ளேயும் இருந்தார்கள், வெளியேயும் இருந்தார்கள். பள்ளி ஆசிரியர், வெள்ளையர் வீட்டில் சமைப்பவர், குத்தகை விவசாயி என்று உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குச் சோறு போடும் கை இன்னொருவருடையது. பெயர் வெளியே வந்தால் மறுநாள் வேலை இருக்காது. சில ஊர்களில் உயிருக்கே உத்தரவாதம் இல்லை.

சங்கம் நிர்வாகிகள், ஊழியர்களின் பெயர்களைக் கொடுத்தது. கேட்ட மற்றக் காகிதங்களில் பெரும்பகுதியையும் கொடுக்க முன்வந்தது. சாதாரண உறுப்பினர்களின் பெயர்களை மட்டும் தர மறுத்தது. நீதிமன்ற அவமதிப்புக்கு முதலில் 10,000 டாலர் அபராதம், சில நாட்களில் அதுவே 1,00,000 டாலர். வழக்கு மேலே போய், 1958 ஜூன் 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒருவர் எந்தச் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார் என்பதை அவர் விருப்பமில்லாமல் வெளியே இழுத்தால், சேரும் சுதந்திரத்துக்கே பொருளில்லாமல் போய்விடும் என்பது நீதிபதி ஹார்லன் எழுதிய தீர்ப்பின் சாரம். அதற்குப் பிறகும் அலபாமா விடவில்லை. 1964 வரை அந்த மாநிலத்தில் சங்கம் இயங்க முடியவில்லை. ஆனால் பட்டியல் கைமாறவில்லை.

அதே அலபாமாவில் கேட்ஸ்டன் என்ற ஊர். அங்கே குட்இயர் டயர் ஆலையில் 1979 முதல் 1998 வரை வேலை பார்த்தவர் லில்லி லெட்பெட்டர். மேற்பார்வையாளர் பொறுப்பு. பணிக்காலத்தின் கடைசியில் யாரோ ஒருவர் பெயர் போடாமல் ஒரு துண்டுச்சீட்டை அவரிடம் சேர்த்தார். அதில் அவருடைய சம்பளமும், அதே வேலையைச் செய்த ஆண்கள் சிலரின் சம்பளமும் இருந்தன. 1997 முடிவில் அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பொறுப்பிலிருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கு 4,286, மிக அதிகம் வாங்கியவருக்கு 5,236. வழக்கு 2007-இல் உச்ச நீதிமன்றம் வரை போய், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. சம்பளத்தை நிர்ணயித்த 180 நாட்களுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டுமாம். பக்கத்து மேசைக்காரரின் சம்பளம் ரகசியமாக இருக்கும்போது எதை வைத்துப் புகார் கொடுப்பது? மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இதைத்தான் கேட்டார். 2009 ஜனவரியில் லெட்பெட்டர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. ஒபாமா அதிபரானதும் கையெழுத்திட்ட முதல் சட்டம் அது.

இந்த இரண்டு கதைகளும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. முதலாவதில் தகவல் வெளியே போனால் ஆபத்து; இரண்டாவதில் தகவல் உள்ளேயே கிடந்ததுதான் அநீதி. சமத்துவத்துக்காக வேலை செய்கிற எந்த அமைப்பும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. பாகுபாடு இருக்கிறது என்று நிரூபிக்க எண்கள் வேண்டும். யார், எந்த இனம், எந்தப் பாலினம், என்ன சம்பளம் என்று கேட்டாக வேண்டும். கேட்டு வாங்கி அலமாரியில் வைத்த கணத்திலிருந்து அந்த அலமாரியே உறுப்பினர்களுக்கு ஓர் ஆபத்து. ஐரோப்பாவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம் இனம், மதம், அரசியல் கருத்து, தொழிற்சங்க உறுப்பினரா என்பது, உடல்நலம், பாலியல் நாட்டம் முதலானவற்றைத் தனிவகைத் தகவல்களாகப் பிரித்து, அவற்றைத் தொடுவதற்கே கடுமையான நிபந்தனைகள் வைக்கிறது. மனிதர்கள் எந்தெந்தக் காரணங்களுக்காக ஒதுக்கப்படுகிறார்களோ, கிட்டத்தட்ட அதே வரிசை. ஒதுக்கப்படுவதை எண்ணிக் காட்ட விரும்புகிற அமைப்புக்கும் தேவைப்படுவது அதே வரிசைதான்.

பெயரை அழித்துவிட்டால் போதாதா என்று உடனே தோன்றும். போதாது என்று காட்டியவர் லத்தான்யா ஸ்வீனி. 1990-களின் நடுவில் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் காப்பீட்டைக் கவனிக்கும் அமைப்பு, அவர்களுடைய மருத்துவப் பதிவுகளைப் பெயர், முகவரி நீக்கி ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீட்டு எண் ஆகிய மூன்றும் பதிவில் இருந்தன. அப்போது மாணவியாக இருந்த ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் அந்த ஊரில்தான் குடியிருந்தார். அவர் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் பட்டியலில் ஆறு பேர்; அவர்களில் ஆண்கள் மூன்று பேர்; ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் ஒரே ஒருவர். ஆளுநரின் மருத்துவப் பதிவு வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. இந்த மூன்று விவரங்களைச் சேர்த்துப் பார்த்தால் அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்தெடுத்துவிடலாம் என்று பின்னர் அவர் கணக்கிட்டுச் சொன்னார். பெயர் என்பது அடையாளத்தின் ஒரு பகுதி மட்டும்தான். மற்றப் பகுதிகள் சேர்ந்தால் பெயர் தானாகத் திரும்பி வந்துவிடும்.

கேம்பிரிட்ஜிலிருந்து சார்ல்ஸ் ஆற்றைக் கடந்தால் பாஸ்டன். 2013-இல் அந்த நகர மேயராக இருந்த தாமஸ் மெனினோ, பெண்களுக்கும் ஆண்களுக்கும் இடையிலான சம்பள இடைவெளியைக் குறைப்பதற்கென்று ஒரு குழு அமைத்தார். பாஸ்டன் பெண் பணியாளர் மன்றம் என்று சொல்லலாம். மாநிலத்தின் துணை ஆளுநராக இருந்த பொருளாதார அறிஞர் ஈவ்லின் மர்ஃபி, பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் தலைவராக இருந்த கேத்தி மினெஹன் போன்றவர்கள் அதை முன்னின்று நடத்தினார்கள். நகரத்து நிறுவனங்கள் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும்: இடைவெளியின் காரணங்களைப் புரிந்துகொள்வோம், எங்கள் சொந்தக் கணக்கைப் புரட்டிப் பார்ப்போம், நகரம் முழுவதற்குமான இடைவெளியை அளக்க எங்கள் சம்பள விவரத்தைப் பெயர் தெரியாதபடி கொடுப்போம்.

முதல் இரண்டு சுலபம். மூன்றாவதுதான் தொண்டையில் சிக்கியது. சம்பள விவரம் என்றால் எந்த நிறுவனத்தின் வழக்கறிஞரும் பதறுவார். போட்டி நிறுவனம் பார்த்தால் ஆட்களை இழுத்துக்கொள்ளும். ஊழியர் பார்த்தால் வழக்குப் போடுவார். பத்திரிகை பார்த்தால் தலைப்புச் செய்தி. மன்றம் கேட்டது தனி ஊழியரின் சம்பளத்தை அல்ல, நிறுவனத்துக்குள்ளேயே கூட்டிய மொத்தத்தைத்தான். அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு அனுப்பும் படிவத்தில் உயர் அதிகாரி, தொழில்நுட்பர், விற்பனையாளர், கூலித் தொழிலாளி என்று பத்து வகைப் பணிகள் இருக்கின்றன. அதே வகைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் பாலினம், இனம், அந்தக் கட்டத்தில் எத்தனை பேர், மொத்தச் சம்பளம் எவ்வளவு, அவ்வளவுதான். ஆனால் ஒரு நிறுவனத்தில் உயர் அதிகாரியாக இருக்கும் ஆசிய வம்சாவளிப் பெண் ஒரே ஒருவர் என்றால், அந்தக் கட்டத்தின் மொத்தம் என்பது அவருடைய சம்பளச் சீட்டேதான். கூட்டுத்தொகையும் தனிநபர் தகவலாக மாறக்கூடும் என்பதைப் பலரும் மறந்துவிடுவார்கள்.

வழக்கமான தீர்வு, எல்லோருக்கும் நம்பிக்கையான ஒருவரைப் பிடிப்பது. ஒரு தணிக்கை நிறுவனம், ஒரு பல்கலைக்கழகம், ஓய்வுபெற்ற நீதிபதி. எல்லோரும் அவரிடம் கொடுக்கட்டும், அவர் கூட்டிச் சொல்லட்டும். இதில் சிக்கல், நம்பிக்கையானவர் கிடைப்பது கடினம் என்பதல்ல. நல்லவரே கிடைத்தாலும், எல்லா எண்களும் அவருடைய கணினியில் குவிந்துவிட்டால் திருடனுக்கும் அந்த வாசல் ஒன்று போதும், நீதிமன்ற உத்தரவுக்கும் அந்த வாசல் ஒன்று போதும். புத்திசாலி யாரும் அந்தப் பொறுப்பை வாங்கத் தயங்குவார்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பேராசிரியர் ஆஸர் பெஸ்டாவ்ரோஸும் அவருடைய குழுவினரும் சொன்ன வழி வேறு. எங்களிடமும் கொடுக்காதீர்கள், மன்றத்திடமும் கொடுக்காதீர்கள். யாரிடமும் கொடுக்காமலே கூட்டிவிடலாம் என்றார்கள். கேட்பதற்கு மந்திரம் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது ஐந்தாம் வகுப்புக் கூட்டல்.

மூன்று இலக்கம் மட்டும் காட்டும் பழைய மின்சார மீட்டரை எடுத்துக்கொள்வோம். 999-க்கு அடுத்து 000 என்று மறுபடி தொடங்கும். 800-உடன் 300 கூட்டினால் அதில் 1,100 வராது, 100 வரும். இனி எல்லாக் கூட்டலையும் இந்த மீட்டரில்தான் செய்கிறோம்.

மூன்று நிறுவனங்கள். முதலாவதின் ரகசிய எண் 420, இரண்டாவதின் எண் 155, மூன்றாவதின் எண் 310. ஒவ்வொரு நிறுவனமும் தன் கணினியிலேயே, 000-க்கும் 999-க்கும் இடையே குருட்டாம்போக்காக ஓர் எண்ணை எடுக்கிறது. அதை மறைப்பு எண் என்போம். முதல் நிறுவனத்துக்கு 873 விழுந்தது. 420-உடன் 873 சேர்த்தால் 1,293. மீட்டர் காட்டுவது 293. இரண்டாவதற்கு 690 விழ, மீட்டரில் 845. மூன்றாவதற்கு 512 விழ, மீட்டரில் 822. இப்போது மறைத்த எண்கள் மூன்றையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிறார்கள். மறைப்பு எண்கள் மூன்றையும் மன்றத்துக்கு அனுப்புகிறார்கள்.

பல்கலைக்கழகம் 293, 845, 822 மூன்றையும் கூட்டுகிறது: 1,960, மீட்டரில் 960. மன்றம் 873, 690, 512 மூன்றையும் கூட்டுகிறது: 2,075, மீட்டரில் 75. கடைசியில் இருவரும் தங்கள் கூட்டுத்தொகையை மட்டும் பக்கத்தில் வைக்கிறார்கள். 960-இலிருந்து 75 போனால் 885. மூன்று ரகசியங்களையும் நேரடியாகக் கூட்டிப் பாருங்கள்: 420, 155, 310. அதுவும் 885. விடை வந்துவிட்டது. ரகசிய எண்களை அந்தந்த நிறுவனத்தைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

பல்கலைக்கழகத்தின் கையில் இருந்த 293-ஐ வைத்து ஏதாவது ஊகிக்க முடியுமா? முதல் நிறுவனத்தின் ரகசியம் 5 என்றால் மறைப்பு 288 ஆக இருந்திருக்கும். 999 என்றால் 294. மறைப்பு எண் உண்மையிலேயே குருட்டாம்போக்கில் எடுக்கப்பட்டதென்றால் எல்லா எண்களுக்கும் சம வாய்ப்பு. அதாவது 293-ஐப் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் தெரிந்தது ஒன்றே: பூஜ்யம். எவ்வளவு பெரிய கணினியைக் கொண்டுவந்தாலும், நூறாண்டு உட்கார்ந்து யோசித்தாலும் இது மாறாது. உடைக்கக் கஷ்டமான பூட்டு என்பது வேறு. இங்கே உடைப்பதற்குப் பூட்டே கிடையாது. அந்த 293-க்குள் தகவலே இல்லை. தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த வகை மறைப்பு முழுமையானது என்று கணித ரீதியாக நிரூபித்துவிட்டார். எனக்கு இந்தத் துறையில் பிரமிப்பூட்டும் இடம் இதுதான். ஓர் எண் கண்முன்னே இருக்கிறது, அதிலிருந்து உண்மையான விடையும் கிடைக்கப்போகிறது, ஆனால் அந்த எண் தனியாக எதையும் சொல்லாது.

நடைமுறையில் இன்னொரு சுற்று பாதுகாப்பும் வைத்தார்கள். மறைப்பு எண்கள் மன்றத்துக்கு நேரே போகவில்லை. மன்றம் இரண்டு சாவிகளைத் தயாரித்தது. பொதுச் சாவியால் யாரும் பூட்டலாம். திறக்க ரகசியச் சாவி வேண்டும், அது மன்றத்திடம் மட்டும். நிறுவனங்கள் மறைப்பு எண்களைப் பொதுச் சாவியால் பூட்டிப் பல்கலைக்கழகத்தின் சர்வரிலேயே போட்டன. பல்கலைக்கழகம் பூட்டிய பொதியைச் சுமந்ததே தவிர, திறக்கவில்லை. நிறுவனத்தின் மனிதவளத் துறைக்காரர் பார்த்தது இவை எதையும் அல்ல. பிரவுசரில் எக்செல் போன்ற ஓர் அட்டவணை, ஒரு குறியீட்டு எண், அனுப்புவதற்கு ஒரு பொத்தான். மென்பொருள் எதையும் நிறுவ வேண்டாம். ஆபீஸ் கணினியில் புதிதாக ஒன்றை நிறுவ அனுமதி வாங்குவதற்குள் ஆண்டு ஓடிவிடும் என்பதை வடிவமைத்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இந்தத் துறை பாஸ்டனில் பிறந்ததல்ல. 1982-இல் ஆண்ட்ரூ யாவ் ஒரு விளையாட்டுக் கேள்வி போட்டார்: இரண்டு கோடீஸ்வரர்கள், தங்கள் சொத்து எவ்வளவு என்று சொல்லாமலே, இருவரில் யார் பெரிய பணக்காரர் என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்று அவரே காட்டினார். 1980-களின் முடிவுக்குள், கணினியால் கணக்கிட முடிகிற எதையும் பல பேர் சேர்ந்து இப்படி ஒருவருக்கொருவர் காட்டாமலே கணக்கிடலாம் என்பது நிறுவப்பட்டுவிட்டது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு அது கருத்தரங்குக் காகிதத்திலேயே கிடந்தது. முதன்முதலில் பெரிய அளவில் வெளியே வந்தது டென்மார்க்கில், 2008 ஜனவரியில், சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு அல்ல, சர்க்கரை பீட்ரூட்டுக்கு. விளைவித்துத் தரும் உரிமையை எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவோம், விற்போம் என்று சுமார் 1,200 விவசாயிகள் ஏலம் கேட்டார்கள். அவர்களிடம் வாங்கும் ஆலை டானிஸ்கோ ஒன்றே. தங்கள் நிலைமையை அந்த ஒரே வியாபாரி படித்துவிடக் கூடாது என்று விவசாயிகள் கவலைப்பட்டதால், ஆலை, விவசாயிகள் சங்கம், ஆராய்ச்சிக் குழு ஆகிய மூவரின் கணினிகளும் சேர்ந்து, எந்த ஏலத் தொகையையும் திறக்காமலே சந்தை விலையைக் கண்டுபிடித்தன. முதல் வாடிக்கையாளர்கள் ராணுவத்தாரோ வங்கிக்காரர்களோ அல்ல, விவசாயிகள்!

பாஸ்டன் குழுவினர் இந்தத் துறையில் அப்போது இருந்த சிக்கலான, அழகான முறைகளையெல்லாம் விட்டுவிட்டு, வேண்டுமென்றே மிக எளிய கூட்டலை எடுத்தார்கள். காரணம் கணிதம் அல்ல. நிறுவனத்தின் தலைவருக்கும், அவருடைய வழக்கறிஞருக்கும், கணினிப் பிரிவின் தலைவருக்கும் புரிய வேண்டும். புரியாத பாதுகாப்பை நம்பச் சொன்னால், அதுவும் 'எங்களை நம்புங்கள்' என்று சொல்வதில்தானே போய் முடியும். மூன்று எண்களை வைத்து மேலே செய்த கணக்கை ஒரு கூட்டத்தில் கரும்பலகையில் செய்து காட்டிவிடலாம். நிரலையும் வெளிப்படையாக வைத்தார்கள். விரும்பியவர் படித்துப் பார்க்கலாம். இந்தத் தேர்வில் இருக்கும் விவேகத்தைக் கணிதத்துக்குச் சமமாகவே மதிக்கிறேன்.

பின்னாளில் அதே குழு முறையைக் கொஞ்சம் மாற்றியது. அதற்கு ஆதாரம் 1979-இல் அடி ஷமீர் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரை. வரைபடத்தாளில் ஒரு நேர்கோடு. அது செங்குத்து அச்சை வெட்டும் இடம்தான் ரகசியம். ரகசியம் 5 என்றால், சாய்வு 3 என்று குருட்டாம்போக்கில் எடுத்துக் கோடு போடுகிறேன். ஒன்றாம் இடத்தில் 8, இரண்டாம் இடத்தில் 11, மூன்றாம் இடத்தில் 14. மூவருக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி. ஒரு புள்ளி வழியாக எண்ணற்ற கோடுகள் போடலாம் என்பதால் தனி ஒருவருக்கு எதுவும் தெரியாது. யாராவது இருவர் சேர்ந்தால் கோடு கிடைத்துவிடும். இன்னொரு நிறுவனத்தின் ரகசியம் 7, சாய்வு 2. புள்ளிகள் 9, 11, 13. மூவரும் தங்களிடம் இருக்கும் இரண்டு புள்ளிகளைக் கூட்டிக்கொள்கிறார்கள்: 17, 22, 27. இதுவும் ஒரு நேர்கோடு. அச்சை எங்கே வெட்டுகிறது? 12-இல். ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. இங்கேயும் உண்மையான கணக்கு மீட்டர் எண்களில்தான் நடக்கும். முன்பு மறைத்த எண் வைத்திருப்பவரும் மறைப்பு எண் வைத்திருப்பவரும் என்று இரண்டு பேருக்கு வெவ்வேறு வேலை. இதில் பங்குகளைத் தேவையான எண்ணிக்கையில் பிரித்து, எத்தனை பேர் சேர்ந்தால் திறக்கும் என்பதையும் நாமே வைத்துக்கொள்ளலாம்.

2016-இல் சேகரித்த கணக்கில் 69 நிறுவனங்கள் பங்கெடுத்தன. ஊழியர்கள் சுமார் 1.12 லட்சம் பேர், அவர்களுடைய ஆண்டுச் சம்பளம் மொத்தம் ஏறக்குறைய 1,100 கோடி டாலர். ஆண்கள் ஒரு டாலர் வாங்கும் இடத்தில் பெண்கள் வாங்கியது 77 சென்ட். அடுத்த ஆண்டு 114 நிறுவனங்கள், சுமார் 1.66 லட்சம் ஊழியர்கள்; 76 சென்ட். நகரம் சந்தோஷப்படுகிற எண் அல்ல. ஆனால் அரசாங்கம் வீடு வீடாகக் கேட்டுத் தோராயமாகச் சொல்லும் எண்ணும் அல்ல. சம்பளம் கொடுப்பவர்களே தங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்ட எண். இவ்வளவையும் சேகரித்த மன்றத்தின் கணினியை நாளை யாராவது தூக்கிக்கொண்டு போனால், உள்ளே கிடைப்பது மறைப்பு எண்களைத் திறக்கும் ஒரு சாவியும் சில மொத்தங்களும். எந்த நீதிமன்றமும் இல்லாததைக் கொடு என்று கேட்க முடியாது.

இதில் குறைகளும் உண்டு. ஒரு குமாஸ்தா சம்பளத்தை ஆண்டுக்குப் பதில் மாதத்துக்குப் போட்டுவிட்டால்? சாதாரணக் கணக்கெடுப்பில் யாராவது அந்த வரியைப் பார்த்து, 'இது சரியில்லையே' என்று போன் போட்டுக் கேட்பார்கள். இங்கே அந்த வரியை யாருமே பார்க்கப்போவதில்லை. ஒரு தப்பான எண் மொத்தத்துக்குள் கரைந்து, விடையைக் கெடுத்துவிட்டுக் காணாமல் போய்விடும். ஆகவே சோதனை எல்லாம் அனுப்புவதற்கு முன்பே, அனுப்புகிறவரின் பிரவுசரிலேயே நடந்தாக வேண்டும்: பெண்கள் பூஜ்யம் பேர் என்று போட்டுவிட்டு அவர்களுக்குச் சம்பளம் காட்டியிருக்கிறதா, காலியாக விட்ட கட்டம் உண்டா என்று. வேண்டுமென்றே பொய் எழுதினால் இந்தச் சோதனையாலும் பிடிக்க முடியாது.

பல்கலைக்கழகமும் மன்றமும் ரகசியமாகக் கைகோத்துவிட்டால் எல்லாம் வெளிச்சம். நம்பிக்கை இங்கே ஒழிந்துவிடவில்லை. இரண்டாகப் பிளந்து, வேறு வேறு நோக்கமுள்ள இருவரிடம் வைக்கப்பட்டிருக்கிறது. ஆபீஸ் லாக்கருக்கு இரண்டு சாவி வைப்பவர்களுக்கு இது புதிதல்ல.

அதைவிட நுட்பமான ஓட்டை மொத்தத்திலேயே இருக்கிறது. இரண்டே நிறுவனங்கள் பங்கெடுத்தால் மொத்தத்திலிருந்து என்னுடையதைக் கழித்து மற்றவருடையதைத் தெரிந்துகொள்வேன். 68 நிறுவனங்களுக்கு ஒரு முறையும், இன்னொன்று சேர்ந்தபின் 69-க்கு ஒரு முறையும் மொத்தம் வெளியிட்டால், புதிதாக வந்தவரின் எண் கழித்தலில் விழுந்துவிடும். மறைத்துக் கூட்டும் கணிதம் கணக்கு நடக்கும் வழியைத்தான் காக்கும். வெளியே வரும் விடை எவ்வளவு பேசும் என்பது தனிக் கேள்வி. எந்தக் கட்டத்தை வெளியிடுவது, எதை அடுத்த கட்டத்துடன் சேர்த்துவிடுவது என்பதை மனிதர்கள் உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். விடையிலேயே கொஞ்சம் குருட்டாம்போக்கு எண்ணைக் கலந்து இதைச் சமாளிக்கும் முறையை 2006-இல் சிந்தியா டுவர்க்கும் மற்றவர்களும் வகுத்தார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கில் அமெரிக்கா அதைப் பயன்படுத்தியது. அதன் கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

77 சென்ட் என்பது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் என்பது அதில் ஒரு பகுதி. சம்பளம் அதிகமான நாற்காலிகளில் பெண்கள் குறைவாக உட்கார்ந்திருப்பது இன்னொரு பகுதி. லெட்பெட்டர் போன்ற ஒருவர் இந்த அறிக்கையைப் படித்துத் தன் ஆலையில் தனக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியாது. நகரத்துக்கு ஒரு கண்ணாடி கிடைத்தது, அவருக்கு அந்தத் துண்டுச்சீட்டுத்தான் வேண்டியிருந்தது. சில நிறுவனங்கள் கணக்கைக் கொடுப்பதற்காகத் தங்கள் புத்தகத்தை முதன்முறையாகப் பாலினவாரியாகப் பிரித்துப் பார்த்திருக்கக்கூடும் என்பதையும் மறுக்க முடியாது. 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மாசசூசெட்ஸ் சம ஊதியச் சட்டம் அந்தப் பழக்கத்துக்கு ஒரு சலுகையும் வைத்தது: ஒரு நிறுவனம் தன் சம்பளக் கணக்கை நேர்மையாகத் தானே ஆராய்ந்து, இடைவெளியைக் குறைக்கத் தக்க முன்னேற்றம் காட்டியிருந்தால், வழக்கு வரும்போது அதைத் தற்காப்பாகச் சொல்லலாம்.

பாஸ்டனில் அந்தக் கூட்டல் இயந்திரம் பிறகு வேறு ஒரு வேலைக்கும் போனது. பெரிய நிறுவனங்கள் தங்களுக்குத் தேவையான பொருளையும் சேவையையும் சிறுபான்மையினர் நடத்தும் தொழில்களிடமிருந்து எவ்வளவு வாங்குகின்றன என்று அளக்க, நகரத்தின் வர்த்தக சபை அதையே எடுத்துக்கொண்டது. எந்த நிறுவனமும் தன் கொள்முதல் கணக்கை வெளியே காட்ட விரும்பாது என்பதில் சம்பளத்துக்கும் கொள்முதலுக்கும் வித்தியாசம் இல்லை. அட்டவணையின் தலைப்புகளை மாற்றினார்கள், கட்டங்களைக் கூட்டிக் குறைத்தார்கள். உள்ளே ஓடிய கூட்டல் அதேதான்.